நூலில் வந்த முழங்கால்

போன வாரம் வீட்டுக்காரியின் இடுப்பு பெல்ட்டை மாற்றுவதற்காக, நான் முப்பத்தொரு வருடம் நின்று வேலை பார்த்த அதே சர்ஜிக்கல் கடைக் கவுண்டருக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் நின்றவர் செல்போனை நீட்டிக்கொண்டிருந்தார். அதில் ஒரு பையனின் முழங்கால் போட்டோ.

"ஃபுட்பால் ஆடுவான். மூணாவது வாட்டி வீங்கியிருக்கு. இதுக்கு எந்த சைஸ் ஆகும்?"

புதிதாகச் சேர்ந்திருக்கிற தம்பி போட்டோவை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "எல் சைஸ் சரியா இருக்கும் சார்" என்று ஒரு டப்பாவை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்துவிட்டார்.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்று ஏறியது. "கால் எங்கய்யா?" என்று கத்திவிட்டேன். கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். "மூணு தடவ வீங்கின கால போட்டோவுல பாத்தா வைத்தியம் பாக்குறீக? கால் எங்க?"

வந்தவர், "யாருங்க இவரு?" என்றார். தம்பி சங்கடத்தோடு சிரித்து, "ரிட்டையர் ஆன அண்ணன் சார். அப்படித்தான் பேசுவாக" என்றார். வந்தவர் டப்பாவை வாங்கிக்கொண்டு போயே போய்விட்டார்.

ஆமாம், அப்படித்தான் பேசுவேன். காரைக்குடிப் பக்கத்துச் சர்ஜிக்கல் கடைகளில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் நல்லதாக நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று உங்கள் முதலாளிமார்கள் என்னிடம் கேட்டார்கள். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். இனிக்க எழுத வராது. கோபத்தோடுதான் எழுதுகிறேன். அதில் முக்கால் பங்கு கோபம் என் மேல்தான். நானும் அதே கவுண்டரில் நின்று காலைப் பார்க்காமல் முட்டி பெல்ட் விற்றவன். அப்போது போட்டோ இல்லை, நூல் இருந்தது. அதுதான் வித்தியாசம்.

அந்த நூல் எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது கவுண்டரில் பெண்கள் கிடையாது. முட்டிவலிக்கு வரும் பெண்கள் கடைக்கு வெளியிலேயே நின்று, வீட்டு ஆம்பளையை உள்ளே அனுப்புவார்கள். ஒருநாள் நேமத்தான்பட்டியிலிருந்து வந்த அம்மா ஒருத்தருக்குச் சேலைக்கு மேலேயே டேப்பைச் சுற்றி அளவெடுக்கப் போனேன். அந்த அம்மாவின் முகம் செத்துப்போய்விட்டது. மகன் என்னைப் பார்த்த பார்வையும் மறக்கவில்லை. ஒன்றும் வாங்காமல் போய்விட்டார்கள்.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்தேன். ஒரு உருண்டை வெள்ளை நூல் வாங்கி வைத்துக்கொண்டு, பெண்களுக்கு அளவு வேண்டுமென்றால் ஒரு துண்டு நறுக்கிக் கொடுத்துவிடுவேன். வீட்டில் அளந்து இரண்டு முடிச்சுப் போட்டு அனுப்ப வேண்டும். நூலின் நுனியிலிருந்து முதல் முடிச்சு வரை முட்டியின் சுற்றளவு. அதே நுனியிலிருந்து இரண்டாவது முடிச்சு வரை, முட்டிக்கு ஒரு சாண் மேலே தொடையின் சுற்றளவு. நூலை வாங்கி ஸ்கேலில் வைத்துப் பார்த்து சைஸ் எடுத்துக் கொடுப்பேன். சைஸ் சரியில்லை என்று திருப்பிக் கொண்டுவந்தால் சாட்சி வேண்டுமே, அதற்காக நூலைப் பில் நகலோடு சேர்த்துப் பின் குத்திப் போட்டுவைப்பேன்.

ஊரே மெச்சியது. "சவரிமுத்து அண்ணன் கடையில கண்ணியமா நடத்துவாக" என்று பொம்பளைகள் சொல்வார்கள். எனக்கும் அதில் பெருமை. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் மாதா படத்துக்கு முன்னால் நின்று, "தாயே, இந்தக் கையால இன்னைக்கு யாருக்கும் ஒரு கெடுதல் வந்துரக் கூடாது" என்று செபம் சொல்லிவிட்டுத்தான் நூல் உருண்டையைத் தொடுவேன்.

இப்படி இருக்கும்போதுதான் வள்ளிக்கண்ணு வந்தாள். ஆத்தங்குடியில் தரையில் பதிக்கிற பூக்கல் போடும் பட்டறையில் வேலை. காய்ந்த கல்லைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி ஏற்றுவது. விரல் இடுக்குகளில் சிவப்பும் பச்சையுமாகச் சாயம் போகாமல் இருக்கும். சாப்பாட்டுத் தூக்கை வைத்திருந்த பையிலிருந்து நூலை எடுத்துக் கொடுத்தாள்.

"மகளுக்கு அண்ணே. கார்த்திகா. பிளஸ் ஒன் படிக்கிறா. கபடி ஆடுவா. ரெய்டு போயிட்டுத் திரும்பயில கால் முறுக்கிக்கிருச்சாம். கோச்சு சாரு முட்டிக்கு மாட்டுறது ஒண்ணு வாங்கச் சொன்னாக."

"கபடியா! அப்ப வீட்டுல எதுத்துப் பேச முடியாது."

"அதையேன் கேக்குறீக! அவுக அப்பாவையே ஒரு கையால மடக்கிப்புடுவா" என்று சிரித்தாள்.

நானும் சிரித்துக்கொண்டே முட்டிக்கு மாட்டும் சாதாரண எலாஸ்டிக் கேப் ஒன்றைக் கொடுத்தேன். எப்படி முறுக்கியது, விழுந்தபோது உள்ளே சத்தம் கேட்டதா, அன்றைக்கே வீங்கியதா, டாக்டரிடம் காட்டினீர்களா, நடக்கும்போது முட்டி மடங்கிவிடுகிறதா, ஒன்றுகூடக் கேட்கவில்லை. மாதாவிடம் அத்தனை கேட்டவன், வள்ளிக்கண்ணுவிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து மறுபடியும் வந்தாள். "திரும்பவும் அதே கால்தான் அண்ணே. இந்தத் தடவ இன்னும் கெட்டியானதாக் குடுக்கச் சொன்னாக." நூலை ஸ்கேலில் வைத்தேன். முட்டி முடிச்சு வெளியே தள்ளிப் போயிருந்தது. வீக்கம் இருக்கும்போது கட்டியிருப்பார்கள் என்று நினைத்தேன். இரண்டு பக்கமும் ஸ்பிரிங் வைத்ததை எடுத்துக் கொடுத்தேன். அன்றைக்கும் கேட்கவில்லை.

மூன்றாவது நூலை எடுத்துக்கொண்டு கோச்சே வந்தார். பெயரை எழுத மாட்டேன், இன்றைக்கும் விசிலோடுதான் திரிகிறார். "அண்ணே, மாவட்ட ஃபைனல் வருது. அதுல ஆடுனாத்தான் ஸ்டேட் செலெக்‌ஷன். ஸ்டேட்டுல வந்துட்டா ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல காலேஜு, ஹாஸ்டலு எல்லாம் ஃப்ரீ. கல்லுப் பட்டறையில வேல பாக்குற அம்மா, யோசிச்சுப் பாருங்க. கீல் வச்ச பிரேஸ் இருக்குல்ல, அதக் குடுங்க."

"கீல் வச்ச இரும்புச் சாமான மேட்ச்ல விடுவாகளா சார்?"

"மேல லெக்கிங்ஸ் போட்டா யாருக்குத் தெரியும்?"

அந்த ஒரு வார்த்தைக்கே நான் டப்பாவைத் திரும்ப அலமாரியில் வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. நூலை அளந்தேன். பழைய பில்லைத் தேடி எடுத்து, முதல் இரண்டு நூலையும் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். முட்டி முடிச்சு இன்னும் வெளியே போயிருந்தது. தொடை முடிச்சு உள்ளே வந்திருந்தது. முதல் நூலில் இரண்டு முடிச்சுக்கும் நடுவே ஆள்காட்டி விரலை நீட்டி வைக்கலாம். மூன்றாவது நூலில் அதில் பாதிகூட இல்லை.

தம்பிகளா, தங்கைகளா, இந்த இடத்தை மெதுவாகப் படியுங்கள். அந்த நூல் என்னிடம் எல்லாவற்றையும் சொன்னது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பதினாறு வயதுப் பிள்ளைக்கு, அதுவும் கபடி ஆடுகிற பிள்ளைக்குத் தொடை எப்படிச் சிறுக்கும்? வள்ளிக்கண்ணு அவசரத்தில் முடிச்சை மாற்றிக் கட்டிவிட்டாள் என்று நினைத்தேன். நானே திருத்திக்கொண்டேன். தொடைக்கு முதல் நூலின் அளவை எடுத்துக்கொண்டு சைஸ் போட்டுக் கொடுத்தேன். முப்பது வருட அனுபவம் அல்லவா! அனுபவம் கண்ணை மறைத்தது என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். சோம்பேறித்தனம். ஒரு போன் போட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

பத்து நாள் கழித்து வள்ளிக்கண்ணு வந்து அந்தப் பிரேஸைக் கவுண்டரில் வைத்தாள். பட்டையில் கபடி விரிப்பின் நீலத் துகள் ஒட்டியிருந்தது. மேல் பட்டைக்கு உள்பக்கம் ஒரு தாவணிக் கிழிசலை மடித்துத் தைத்திருந்தார்கள்.

"இது கால்ல நிக்கல அண்ணே. சறுக்கிச் சறுக்கிக் கீழ எறங்கிருது. துணிய வச்சு இறுக்கித்தான் ஆடியிருக்கா. நான்தான் நூல சரியாக் கட்டல போல. வேல அவசரத்துல பெராக்குப் பாத்துக்கிட்டுக் கட்டிட்டேன். கோவிச்சுக்கிராம மாத்திக் குடுப்பீகளா?"

"பிள்ளை எங்கம்மா?"

"ஆசுபத்திரியில. ஃபைனல்ல கோட்டத் தொட்டுட்டுத்தான் விழுந்தா. பாயிண்டு குடுத்துட்டாக." பிரேஸை என் பக்கம் நகர்த்தினாள். "என் தப்புத்தான்ணே. ஒரு அளவு எடுக்கத் தெரியல எனக்கு."

அவள் என்னைத் திட்டியிருந்தால், அந்தப் பிரேஸை என் முகத்தில் எறிந்திருந்தால், நான் பிழைத்திருப்பேன். அவள் சரியாகத்தான் கட்டியிருந்தாள். மூன்று தடவையும் மயிரிழை பிசகாமல் கட்டியிருந்தாள். அவளுக்குத் தெரிந்த கணக்கு அது. பட்டறையில் ஒரு கல் அரை விரல் பிசகினால் தளமே கோணும் என்று தெரிந்தவள். அவளைப் போய் நான் தப்பாக்கினேன். அவளும் அதை ஏற்றுக்கொண்டு என் முன்னால் தலை குனிந்து நின்றாள்.

மூன்று நூலையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவளோடு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கேதான் கார்த்திகாவை முதல் தடவையாகப் பார்த்தேன். மூன்று பெல்ட் விற்ற பிறகு! கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஒல்லியான, கூர்மையான முகம். பிசியோதெரபி பார்க்கும் டாக்டரம்மா, என் மகள் வயதுதான் இருக்கும், இரண்டு காலையும் பக்கத்தில் வைத்து என்னிடம் காட்டினார். ஒரு தொடை கட்டையாக இருந்தது. இன்னொன்று வேறு யாருடைய காலோ போலச் சூம்பியிருந்தது.

நூலை எடுத்து நீட்டினேன். ஒன்றுக்குக் கீழே ஒன்றாகப் படுக்கையில் விரித்துப் பார்த்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இத யார் வச்சிருந்தது?"

"நான்தாம்மா."

"எத்தனை மாசமா?"

"அஞ்சு மாசம்."

"அஞ்சு மாசமா இது உங்க டிராயர்ல கிடந்துச்சா? உள்ள ஜவ்வு அறுந்தா முட்டி வீங்கும், தொடைச் சதை கரையும். இதுல எழுதியே வச்சிருக்கே அய்யா! நாங்க ஸ்கேன் எடுத்துச் சொல்ற விஷயத்த ஒரு அம்மா நூல்ல கட்டிக் குடுத்திருக்காங்க. நீங்க அதப் பாத்து சைஸ் பாத்தீங்களா?"

வார்டே பார்த்துக்கொண்டிருந்தது. நான் நின்றேன். நிற்க வேண்டியதுதானே.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் இதைச் சொன்னேன். பங்குச் சாமியார் நல்ல மனுஷர். "சவரிமுத்து, வேணும்னு செஞ்சாத்தான் பாவம். மனசப் போட்டுக் கொழப்பிக்காத" என்றார். வெளியே வந்து மாதா கெபியில் சிலைக்கு முன்னால் முழங்கால் போட்டேன். ஆறுதல் வரவில்லை, கோபம்தான் வந்தது. வேண்டுமென்று செய்யவில்லை என்பதால் அந்த ஜவ்வு ஒட்டிக்கொண்டுவிட்டதா? என் முழங்கால் இரண்டும் நோகாமல் மடங்குகிறதே என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

இரண்டு வாரத்தில் வீக்கம் வற்றி, கார்த்திகா நடக்க ஆரம்பித்துவிட்டாள். ஆபரேஷன் பண்ண வேண்டும், அதுவரை ஆட்டம் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். செலெக்‌ஷனுக்குப் பத்து நாள் இருந்தது. ஒரு சனிக்கிழமை கோச்சு, வள்ளிக்கண்ணு, கார்த்திகா மூவரும் கடைக்கு வந்தார்கள்.

"அண்ணே, போன தடவ சைஸ்தான தப்பு? சரியான சைஸா, ஒசத்தியா ஒண்ணு எடுங்க" என்றார் கோச்சு. "டாக்டருக ரெஸ்டுன்னுதான் சொல்லுவாக. ரெஸ்ட அப்புறம்கூட எடுத்துக்கலாம். செலெக்‌ஷன் போனா வருமா? பத்தே பத்து நிமிஷம் எறங்குனாப் போதும், நான் பேசி வச்சிருக்கேன்."

வள்ளிக்கண்ணு என்னையே பார்த்தாள். அவளுக்குக் கல்லூரி வேண்டும். மகளின் கை பட்டறைத் தொட்டியில் முங்கக் கூடாது. அது நியாயமான ஆசை. அதை ஒரு பிரேஸ் டப்பாவுக்குள் வைத்து அடைத்திருந்தார் அந்த ஆள்.

"குடுக்க மாட்டேன்" என்றேன்.

முதலாளி கல்லாவிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். கோச்சு சிரித்தார். "மதுரையில கெடைக்காதாண்ணே?"

"கெடைக்கும். அங்குட்டும் போய் லெக்கிங்ஸ் கதையச் சொல்லி வாங்குங்க."

அப்போது கார்த்திகா பேசினாள். அதுவரைக்கும் அவள் குரலை நான் கேட்டதில்லை.

"மூணு தடவ குடுத்தீகள்ல? ஒரு வார்த்த கேக்காமக் குடுத்தீகள்ல? எனக்கு வேணுங்கயில மட்டும் ஏன் மாட்டேங்குறீக? மொதத் தடவயே மாட்டேன்னு சொல்லியிருக்கலாம்ல அங்கிள்?"

"ஏடி, பெரியவுகள..." என்று வள்ளிக்கண்ணு அவள் கையைப் பிடித்தாள்.

"விடும்மா. அது கேக்குறது நெசம்" என்றேன். "மொதத் தடவயே சொல்லியிருக்கணும்த்தா. தப்பு என்னுதுதான். ஒரே ஒரு வேலை மட்டும் செய்ய விடு. அப்புறம் நீ மதுரைக்குப் போ, சென்னைக்குப் போ, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

வீல்சேர் அடுக்கியிருக்கும் மூலையில் ஒரு பெட்ஷீட்டைக் கட்டினேன். இத்தனை வருடமாக அதைச் செய்ய எனக்குத் தோன்றவில்லை பாருங்கள், ஒரு பெட்ஷீட்! உள்ளே அவளை உட்கார வைத்து, அம்மாவிடம் இரண்டு நூலைக் கொடுத்தேன். இரண்டு காலையும் அளக்கச் சொன்னேன். கட்டிக் கொண்டுவந்தாள். கார்த்திகாவையே கண்ணாடி மேல் இரண்டையும் நீட்டி வைக்கச் சொன்னேன். நல்ல காலின் நூலில் முடிச்சு இரண்டும் தள்ளித் தள்ளி இருந்தன. அடிபட்ட காலின் நூலில் ஒன்றை ஒன்று தொடப் போவதுபோல நின்றன.

அவள் குனிந்து பார்த்தாள். இரண்டாவது முடிச்சை விரலால் தொட்டாள்.

"இது என் காலா?"

"ஒன் கால்தான்த்தா."

"ஆபரேஷன் பண்ணா ஆடிறலாமா?"

"அது எனக்குத் தெரியாது. டாக்டரும் சத்தியம் பண்ண மாட்டாக. இத மாட்டிக்கிட்டு எறங்குனா என்ன ஆகும்னு மட்டும் ஒருக்கா பாத்துட்டம்ல?"

கோச்சு செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவைகூட நூல் பக்கம் திரும்பவில்லை. கார்த்திகா அவரைப் பார்த்தாள், நூலைப் பார்த்தாள். பிறகு இரண்டு நூலையும் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, "வீட்டுக்குப் போவம்மா" என்றாள். அவள் படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். அதையும் அன்றுதான் பார்த்தேன்.

செலெக்‌ஷன் போயிற்று. அதை நம்பியிருந்த கல்லூரி இடமும் போயிற்று. ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. இதைப் பெரிய வெற்றிக் கதையாக யாரிடமும் சொல்லாதீர்கள். ஒரு பிள்ளை தன் பதினேழாவது வயதைக் காலை மடக்கி நீட்டிக் கழித்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு டாக்டர் எழுதிக் கொடுத்துத்தான் அதே கீல் வைத்த பிரேஸை எங்கள் கடையிலேயே வாங்கினார்கள். பிரேஸ் கெட்ட சாமான் கிடையாது. அறுந்ததை மறைப்பதற்கு மாட்டினால்தான் கேடு. இந்தத் தடவை பெட்ஷீட்டுக்குப் பின்னால் அளந்து கொடுத்தோம்.

மாதம் ஒரு தடவை அவள் கடைக்கு வருவாள். வந்து நூலைக் கண்ணாடி மேல் வைப்பாள். முடிச்சுகள் மெல்ல மெல்ல விலகிக்கொண்டு வந்தன. "பாருங்க அங்கிள், அரை விரல்" என்பாள். சிரிக்க மாட்டாள். என்னை மன்னித்துவிட்டாளா என்று நான் கேட்டதில்லை, கேட்கவும் எனக்கு யோக்கியதை இல்லை.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் அதே கோச்சிடமிருந்து இன்னொரு நூல் வந்தது. புதிய ரெய்டர். ஒன்பதாம் வகுப்பு. அந்தப் பிள்ளையின் அண்ணன் கொண்டுவந்தான். "காலோட வரச் சொல்லுப்பா" என்று திருப்பி அனுப்பினேன். அந்தக் கால் வராது என்று எனக்குத் தெரியும். மதுரைக்கு நூல் போய்விடும்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்ட நேரம். கடைப் படியில் இரண்டு பிள்ளைகள் ஏறினார்கள். ஒன்று நொண்டியது. அதைத் தோளோடு தாங்கிக்கொண்டு, கைப்பிடியைத் தொடாமல் மேலே ஏறியது கார்த்திகா.

"நேத்து நீங்க திருப்பி அனுப்புனது எங்க ஸ்கூல் பிள்ளயோட நூலுதான் அங்கிள். இன்னைக்கு நூல் கொண்டாரல. ஆளையே கூட்டியாந்துட்டேன். கோச்சுகிட்டச் சொல்லல. எங்க வச்சு அளக்கணும்?"

பெட்ஷீட் பக்கம் கையைக் காட்டினேன்.

தம்பிகளா, அந்த வேலையை முதல் நூல் வந்த அன்றைக்கே நான் செய்திருக்க வேண்டும். கவுண்டருக்கு இந்தப் பக்கம் சம்பளம் வாங்கிக்கொண்டு நின்றவன் நான். அடிபட்ட பிள்ளை வந்து அதைச் செய்தாள். உங்கள் கடையில் பெட்ஷீட் இருக்கும். இல்லையென்றால் வீட்டிலிருந்து கொண்டு போங்கள். என் பழைய கடைத் தம்பி, போன வாரம் போட்டோ காட்டியவரின் போன் நம்பர் பில்லில் இருக்கும். அந்தப் பையனின் முழங்கால் இன்னும் எல் சைஸுக்குள்தான் இருக்கிறது. முதலில் அவருக்குப் போன் போடுங்கள்.